எஞ்சின் மாற்றமும் ஏட்டுக் கணக்கும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள்முதல் மனிதனுக்கு வேகத்தின்மீது உள்ள ஆசை குறைந்ததே இல்லை. ரேக்ளா வண்டிக்கு நல்ல காளையைத் தேடி அலைந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் இன்று பழைய காருக்கு நல்ல எஞ்சினைத் தேடி அலைகிறார்கள். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் எந்தக் கார்ப் பட்டறையில் அரைமணி நேரம் நின்றாலும் "இந்த வண்டிக்கு அந்த எஞ்சின் உட்காருமா?" என்ற கேள்வி காதில் விழும்.

என் தந்தையார் ஒரு கார் மெக்கானிக். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தாயார் பட்டாசு ஆலைக்குக் காகிதக் குழாய் உருட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். விடுமுறை நாட்களில் தந்தையாருக்கு விளக்குப் பிடிப்பதும் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. நம் பேராசிரியர்கள் கரும்பலகையில் எழுதும் இயற்பியலும், பட்டறையில் எண்ணெய்க் கைகள் செய்யும் வேலையும் ஒன்றே என்பதை நான் கண்ணாரக் கண்டு வருகிறேன். ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் உருவான கார்களை நாமே பழுதுபார்ப்பது, ஒன்றின் பாகத்தை மற்றொன்றில் பொருத்துவது, அதற்குள்ள எல்லை ஆகியவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பாகத்தை மாற்றினால், அந்த ஒரு பாகம் மட்டும் மாறுவதில்லை.

சுசுகி வந்த கதை

ஜப்பானின் வேகக் கார்கள் என்றவுடன் டொயோட்டா, நிசான், ஹோண்டா ஆகிய பெயர்கள் சிலருக்கு நினைவுக்கு வரலாம். நம் ஊர்ப் பட்டறைகளில் ஜப்பானியக் கார் என்றால் பெரும்பாலும் சுசுகிதான். 1981-ல் தொடங்கப்பட்ட மாருதி உத்யோக் நிறுவனம் 1982-ல் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து 1984-ல் வேன் (பின்னாளில் ஆம்னி), 1985-ல் ஜிப்சி, 1993-ல் ஜென், 1994-ல் எஸ்டீம் என ஒரு குடும்பமே உருவாயிற்று. மாருதி 800 காரின் உற்பத்தி 2014-லும், ஆம்னியின் உற்பத்தி 2019-லும் நின்றுவிட்டன. ஆயினும் அவ்வண்டிகள் நம் சாலைகளை விட்டு இன்னும் மறையவில்லை. புதிய வண்டி வாங்க இயலாத, ஆனால் வேகத்தில் விருப்பமுள்ள இளைஞர்களின் கைக்கு அவையே வந்து சேருகின்றன.

ஜப்பானில் "கேய்" என்றொரு சிறிய கார் வகை உண்டு. எஞ்சின் அளவுக்குச் சட்டமே வரம்பு விதித்திருக்கிறது. 360 சி.சி. என்றிருந்த வரம்பு 1976-ல் 550 ஆகவும், 1990-ல் 660 ஆகவும் உயர்ந்தது. இச்சிறிய வரம்புக்குள் எவ்வளவு சக்தியை வெளிக்கொணரலாம் என்பதே அந்நாட்டுப் பொறியாளர்களுக்குப் போட்டி. 1987-ல் சுசுகி வெளியிட்ட ஆல்ட்டோ வொர்க்ஸ் என்ற கார் வெறும் 543 சி.சி. எஞ்சினிலிருந்து 64 குதிரைத்திறன் தந்தது. நம் மாருதி 800-ன் பழைய எஞ்சினோ 796 சி.சி. இருந்தும் ஏறத்தாழ 37 குதிரைத்திறனே தந்தது. வெளியேறும் புகையின் விசையால் ஒரு விசிறியைச் சுழற்றி, அதனால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ என்னும் அமைப்பே அந்தச் சிறிய எஞ்சினின் பலம். ஆகவே, எஞ்சினின் சக்தி அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று. அது எவ்வளவு காற்றை உட்கொள்கிறது என்பதையும் பொறுத்தது.

இலங்கை போன்ற நாடுகளில் ஜப்பானில் ஓடிய பழைய கார்களும் எஞ்சின்களும் பல ஆண்டுகளாகக் கப்பலில் வந்திறங்கிப் பழக்கம். நம் நாட்டில் பழைய கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். எனவே இங்கே பாகமாற்றம் என்பது பெரும்பாலும் ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல்தான். ஜென் காருக்கு எஸ்டீம் கொடுக்கும். மாருதி 800-க்கு ஆம்னி கொடுக்கும். விபத்தில் சிதைந்த வண்டிகளின் பாகங்கள் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளிலிருந்து வந்து சேரும்.

அந்நிய இயந்திரத்தைக் கைப்பழக்கத்தால் நமதாக்கிக் கொள்வது சிவகாசிக்குப் புதிதன்று. 1922-ல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. இன்றும் வெளிநாட்டு ஆஃப்செட் அச்சு இயந்திரங்களுக்கு வேண்டிய பாகங்களை நம் ஊர் லேத் பட்டறைகள் கடைந்து கொடுக்கின்றன. அக்கைகள் காரைத் தொடுவதில் வியப்பில்லை.

கொள்ளளவுக் கணக்கு

"800", "1300" என்று சொல்கிறோமே, அவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? பள்ளியில் படித்த உருளையின் கன அளவுச் சூத்திரமே போதும். மாருதி 800-ன் எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 68.5 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 72 மி.மீ. ஒரு சிலிண்டரின் கன அளவு ஏறத்தாழ 265.3 கன செ.மீ.; மூன்றுக்கும் 796. ஜென் காரின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள்: விட்டம் 72, தூரம் 61; ஆகவே 993 சி.சி. எஸ்டீமில் விட்டம் 74, தூரம் 75.5, ஆகவே 1298 சி.சி. நண்பர்கள் தாமே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது என்ன நடக்கிறது? விநாடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் உச்சியில் ஒருமுறை, அடியில் ஒருமுறை நின்று திரும்புகிறது. அதாவது ஒரு விநாடியில் 200 முறை நின்று, 200 முறை மீண்டும் புறப்படுகிறது! மாருதி 800-ல் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 14.4 மீட்டர். இவ்வளவையும் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். "ஆயில் பாத்தியா?" என்று என் தந்தையார் ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் முதலில் கேட்பதன் காரணம் இக்கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

நாமே செய்யக்கூடிய பழுதுபார்ப்பு

மாற்றத்தைப் பற்றிப் பேசுமுன் பராமரிப்பைப் பற்றிப் பேசவேண்டும். சக்தி குறைந்துவிட்டது என்று எஞ்சினையே மாற்ற வருபவர்கள் பலர். பல வண்டிகளில் குறை எஞ்சினில் இருப்பதில்லை.

முதலில் ஸ்பார்க் பிளக். அதைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சினின் வயிற்றுக்குள் நடப்பது தெரியும். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் எரிகின்றன. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, வெப்பம் மிகுதி. ஈரமாக எண்ணெய் ஒட்டியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வதைப் போன்றதே இது. பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜ் கொண்டு அளக்கவேண்டும், கண்ணால் மதிப்பிடக்கூடாது.

இரண்டாவது, காற்று வடிகட்டி. நம் கரிசல் மண் புழுதியில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் சொல்லியிருக்கும் கெடுவுக்கு முன்பே அது அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பிரேக் எண்ணெய். பலரும் இதை மறந்தே போகிறார்கள். இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின்னர் அது 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். அடிக்கடி பிரேக் பிடித்துச் சூடேறினால் எண்ணெய் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவியோ அமுங்கும். பாஸ்கல் விதி வேலை செய்ய வேண்டிய இடத்தில் பாயில் விதி புகுந்துவிடும்! மிதியை அழுத்துவோம், அது தரைவரை போகும், வண்டி நிற்காது.

நான்காவது, போல்ட் முறுக்குதல். சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாக முறுக்கவேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் தகடு நடுவில் தூக்கிக்கொள்ளும். கேஸ்கெட் வழியே அழுத்தம் கசியும். முறுக்கு விசை என்பது விசையை தூரத்தால் பெருக்கிய தொகை. 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால் சுமார் 60 நியூட்டன் மீட்டர். ஸ்பேனரில் குழாயைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால் அதே கைக்கு 120. நூல் அறுந்து போவதற்குக் காரணம் கையின் பலமன்று, நெம்புகோலின் நீளம்.

ஒன்றுபோல் தோன்றும் இரண்டு

மாருதி 800, ஆம்னி இரண்டிலும் பழைய ரகத்தில் ஒரே குடும்பத்து 796 சி.சி. எஞ்சின்தான். "அப்படியானால் அதைத் தூக்கி இதில் வைத்துவிடலாமே?" என்று கேட்கத் தோன்றும். 800-ல் எஞ்சின் முன்புறம் குறுக்காக நிற்கிறது, முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஆம்னியில் அது முன் இருக்கைக்கு அடியில் நெடுக்காகப் படுத்திருக்கிறது, பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது. எனவே கியர் பெட்டி வேறு, எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டுகள் வேறு, எண்ணெய்த் தொட்டியின் வடிவம் வேறு. உள்ளே பிஸ்டன், ரிங், வால்வு முதலியன உறவுகொண்டாடும். வெளியே உள்ளவை முகம் திருப்பிக்கொள்ளும். பாகம் வாங்குபவர் இவ்வேறுபாட்டை அறிந்து வாங்கவேண்டும்.

பின்னாளில் அதே 796 சி.சி.யில் வேறொரு எஞ்சின் வந்தது. சிலிண்டருக்கு இரண்டு வால்வுக்குப் பதில் நான்கு. கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் அமைப்பு. சக்தி சுமார் 45 குதிரைத்திறன் ஆயிற்று. பானை அதேதான், வாய் அகலமாயிற்று. எனவே பழைய 800-க்கு இவ்வெஞ்சினைப் பொருத்தப் பலர் விரும்புகின்றனர்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன கருத்து வருகிறது. இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு மின் பம்பு வேண்டும், உணர்கருவிகள் வேண்டும், அவற்றின் செய்தியைக் கேட்டு ஆணையிடும் மின்னணுப் பெட்டி வேண்டும், அதற்குரிய வயரிங் முழுவதும் வேண்டும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரும் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு அழுத்தத்தில் இதற்குப் பெட்ரோல் வரவேண்டும். எஞ்சினை மாற்றிவிட்டுப் பழைய ரப்பர்க் குழாயையே விட்டுவைத்தால் என்ன ஆகும்? குழாய் வெடித்துச் சூடான எஞ்சின்மீது பெட்ரோல் தெறிக்கும். எழுபது ரூபாய்க் குழாயா, ஏழேழு தலைமுறைக்கும் ஆறாத தழும்பா என்பதை அவரவரே முடிவுசெய்து கொள்ளலாம்.

ஜென் காரில் எஸ்டீம் எஞ்சினை வைப்பது இளைஞர்களிடையே புகழ்பெற்ற மாற்றம். இரண்டும் அலுமினிய எஞ்சின்கள். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள். ஜென்னின் பழைய எஞ்சின் 50 குதிரைத்திறன். எஸ்டீமின் பிந்திய 16 வால்வு எஞ்சின் 85. சிறிய, எடை குறைந்த உடலில் இவ்வளவு சக்தி சேர்ந்தால் வண்டி பாயத்தானே செய்யும்? ஆனால் கிளட்ச், டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர் ஆகிய அனைத்தும் 50-க்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். 85-க்கு அவை பிதுங்கும்.

ஹெட்டைச் சீவுதல்

எஞ்சினையே மாற்ற வசதியில்லாதவர்கள் ஹெட்டின் அடிப்பரப்பை லேத்திலோ அரைப்பு இயந்திரத்திலோ சிறிது சீவுகிறார்கள். பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே எஞ்சும் இடம் குறைவதால் கலவை இன்னும் இறுக அமுங்கும், சக்தி கூடும். எவ்வளவு கூடும்?

அமுக்க விகிதம் 8.7 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் 265.3 கன செ.மீ.யை 7.7-ஆல் வகுத்தால் எஞ்சும் இடம் 34.5 கன செ.மீ. அரை மில்லிமீட்டர் சீவினால், அதிகபட்சம் 1.8 கன செ.மீ. குறையும். புதிய விகிதம் ஏறத்தாழ 9.1. அரை மில்லிமீட்டர் என்பது நம் விரல் நகத்தின் கனம்தான்! அதற்கே இவ்வளவு மாற்றம். மேலும் சீவினால் தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன்னரே கலவையின் ஒரு பகுதி தானாக எரிந்து பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டும். இதனை மெக்கானிக்குகள் "நாக்கிங்" என்பர். நாளடைவில் பிஸ்டனில் ஓட்டையே விழும்.

என் தந்தையார் இக்கணக்கை எழுதிப் பார்த்ததில்லை. ஆனால் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, மேலே துளையிட்ட கண்ணாடித் துண்டை ஒட்டி, மருந்துக் கடையில் வாங்கிய சிரிஞ்சினால் ஒவ்வொரு குழியிலும் எண்ணெய் நிரப்பி, எத்தனை மில்லி பிடித்தது என்று சுவரில் கரியால் எழுதுவார். மூன்று குழிகளும் ஒரே அளவு பிடிக்கும் வரை வேலையை விடமாட்டார். வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடித்து நான் செய்வதும் இதுதானே! அவருக்குக் கணக்குத் தெரியாது என்று நான் எண்ணியதே இல்லை. அதற்குரிய பெயர்கள்தான் அவருக்குத் தெரியாது. அப்பெயர்களைக் கற்றுவரவே என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார் என்று நினைக்கிறேன்.

சக்தி கூடினால் யார் நிறுத்துவது?

சென்ற ஆண்டு இளைஞர் ஒருவர் பழைய ஜென் காரோடு எங்கள் பட்டறைக்கு வந்தார். அச்சகம் ஒன்றில் இயந்திரம் ஓட்டுபவர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் எஸ்டீம் எஞ்சின் ஒன்றை வாங்கிவைத்திருந்தார்.

"அண்ணாச்சி, எஞ்சினை மட்டும் மாத்திக் குடுங்க. மத்தது பிறகு பாத்துக்கிடலாம்" என்றார்.

"தம்பி, எஞ்சின் போட்டுத் தாரேன். ஆனா மொதல்ல பிரேக்கு, பிறகுதான் எஞ்சின். ஓடுறதுக்குச் செலவழிக்க காசு இருக்கு, நிக்கிறதுக்கு இல்லையா?" என்றார் தந்தையார்.

இளைஞருக்கு அது பிடிக்கவில்லை. வேறொரு பட்டறையில் மாற்றிக்கொண்டார். மூன்று மாதங்கள் கழித்து, சாத்தூர் செல்லும் நான்குவழிச் சாலையில் குறுக்கே வந்த மாட்டுக்காகப் பிரேக் பிடித்தார். வண்டி நிற்கவில்லை, நடுத்தடுப்பில் மோதியது. உயிர் பிழைத்தார், வலது கால் எலும்பு முறிந்தது. நின்று பார்க்கும் வேலை என்பதால் ஐந்து மாதம் சம்பளம் இல்லை. சிதைந்த காரைப் பார்க்கத் தந்தையாரோடு நானும் சென்றேன். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பின்சக்கர டிரம்களோ கண்ணாடிபோல் வழவழத்துக் கிடந்தன.

இயற்பியல் என்ன சொல்கிறது? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டுநரோடு சேர்த்து 800 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் ஆற்றல் ஏறத்தாழ 1,98,000 ஜூல். 120 கி.மீ. வேகத்தில் 4,44,000 ஜூல். வேகம் ஒன்றரை மடங்கு. ஆற்றல் இரண்டேகால் மடங்கு. இவ்வளவும் சில விநாடிகளில் பிரேக்கில் வெப்பமாக மாறவேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது! நல்ல பிரேக் விநாடிக்கு விநாடி 6 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைப்பதாகக் கொண்டால், 80-ல் நிற்க 41 மீட்டரும், 120-ல் நிற்க 93 மீட்டரும் வேண்டும். கண் பார்த்துக் கால் மிதிக்க ஆகும் ஒரு விநாடியையும் சேர்த்தால் முறையே 63 மீட்டர், 126 மீட்டர். சரியாக இருமடங்கு. மாடு இதை அறியாது. ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டாமா?

சைலன்சரும் தீப்பொறியும்

சத்தம் கூடினால் சக்தி கூடிவிட்டது என்று எண்ணுவோர் பலர். சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறுங்குழாயை மாட்டுகிறார்கள். சத்தம் காதுக்கு, சக்தி சக்கரத்துக்கு. இரண்டும் வேறு. கார்புரேட்டரைச் சரிசெய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால் எரியாத பெட்ரோல் வெளிக்குழாயில் வந்து எரியும். சில நேரங்களில் தீநாக்கும் எரிந்த கரித்துகளும் வெளியே வரும்.

மற்ற ஊர்களில் இது வெறும் விளையாட்டாக இருக்கலாம். நம் ஊரில் அப்படியன்று. பட்டாசு ஆலைக்குள் இரும்புக் கருவிக்குப் பதில் பித்தளை, செம்பு, மரக் கருவிகளைப் பயன்படுத்துவதும், செல்போனை வாசலிலேயே விட்டுச்செல்வதும் எதற்காக? ஒரே ஒரு பொறிக்கு அஞ்சித்தானே? வெடிபொருள் ஏற்றும் வண்டிகளின் புகைக்குழாயில் பொறித் தடுப்பான் கேட்பதும் அதற்காகவே. மருந்துத் தூளும் காகிதக் குவியலும் நிறைந்த தெருக்களில் வெறுங்குழாய் மாட்டிய வண்டியை உறுமவிட்டுச் செல்வதை வீரம் என்று எப்படிச் சொல்வது? என் தாயார் குழாய் உருட்டும் தெருவும் அப்படிப்பட்டதுதான்.

கோவை காட்டிய வழி

அப்படியானால் பாகமாற்றமே கூடாதா? இல்லை. அதை எங்கே, எப்படிச் செய்வது என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடத்தை அமைத்தது. அக்காலத்தில் பந்தயக் கார் என்றால் பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது என்றுதான் இருந்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் இந்நிலையை மாற்றினார். 1988-ல் ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அதன் இதயம் எது தெரியுமா? நம் தெருவில் ஓடும் மாருதி 800-ன் எஞ்சின்தான்!

முன்சக்கரங்களைச் சுழற்றும் வண்டியில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கட்டாக இருக்கும் என்று முன்னரே பார்த்தோம். அக்கட்டை அப்படியே எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் பின்சக்கரங்களைச் சுழற்றும் பந்தயக் கார் ஆகிவிடும். எஞ்சின் சிறியதே, ஆனால் கூரையும் கதவும் பின்னிருக்கையும் இல்லாததால் எடை மிகக் குறைவு. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி நிறை குறைந்தால் அதே விசைக்கு முடுக்கம் கூடும். விசையைக் கூட்டுவதை விட நிறையைக் குறைப்பது சிக்கனம். மேலும் அனைவருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் பணத்துக்கு வேலையில்லை, திறமைக்கே வேலை. பாகங்கள் உள்ளூர்க் கடையிலேயே கிடைத்தன. இவ்வகைக் கார்களில் பந்தய வாழ்வைத் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் காலமானார். கோவை செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கரிவரதன் எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. அதைச் சுற்றிச் சட்டகம், சக்கரம், பிரேக் அனைத்தையும் புதிதாகக் கணக்கிட்டு அமைத்தார். ஓட்டியது மாடு குறுக்கே வராத தடத்தில். இவ்விரண்டும்தான் பொறியியலுக்கும் விளையாட்டுத்தனத்துக்கும் உள்ள வேறுபாடு.

சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினைப் பொருத்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று, புதிய எஞ்சின் எண்ணைப் பதிவு செய்துகொள்ளவேண்டும். பழைய எஞ்சின் வாங்கும்போது ரசீதையும் எண்ணையும் சரிபார்ப்பது மிக அவசியம். திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் வாங்கியவரும் காவல் நிலையம் ஏறவேண்டி வரும். அனுமதியில்லாத மாற்றத்தோடு விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் தகராறு எழும்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! கையால் செய்யும் வேலை தாழ்ந்ததன்று. வேகத்தின்மீது ஆசை கொள்வதும் குற்றமன்று. ஆனால் ஒரு பாகத்தைக் கையில் எடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இது தரும் கூடுதல் விசையைத் தாங்குவது எது? கூடுதல் வெப்பத்தை வெளியேற்றுவது எது? கூடுதல் வேகத்தை நிறுத்துவது எது? இதனால் அடுத்தவருக்கு என்ன ஆபத்து? நான்குக்கும் விடை கிடைத்த பிறகே ஸ்பேனரைத் தொடவேண்டும்.

நம் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருநாள் நம் ஊர் மெக்கானிக் ஒருவரையும், லேத் பட்டறைக்காரர் ஒருவரையும் இயற்பியல் துறைக்கு அழைத்து, ஒரு பழைய எஞ்சினைப் பிரித்துக் காட்டச் செய்யலாம். அவர்கள் பிரிக்கட்டும், நாம் அளந்து கணக்கிடுவோம். இக்கல்லூரியில் என்னைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் பலர். அவர்கள் வீட்டிலும் இப்படி ஒரு கைத்தொழில் இருக்கும். அதனுள் ஒரு விதி மறைந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து எழுதுவது நம் கடமை.